வண்டி இருக்கிறது, ஸ்டெப்னியைக் காணோம்

கதையும் கவிதையும் சமையற் குறிப்பும் வருகிற நம் மலரில் சரக்கு வண்டியின் ஸ்டெப்னியைப் பற்றி ஒருவன் எழுத வந்துவிட்டானே என்று யாரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம் சங்கத்துக் குடும்பங்களில் எத்தனையோ பேர், மும்பையில் மிச்சம் பிடித்த பணத்தில் ஊரில் இருக்கும் தம்பிக்கோ மச்சானுக்கோ ஒரு பிக்கப் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். முன்பணம் நம்முடையது, மாதத் தவணை வண்டியின் உழைப்பு. அந்த வண்டியின் பாடியில் இருந்து ஒரு சாமான் களவு போனால் தவணைக்கான போன் நமக்குத்தான் வரும். எனக்கும் அப்படி வந்த ஒரு போனைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் களம்போலியில் லாரிப் பட்டறை வேலை பார்ப்பவன் ஆகையால், அதற்குப் பிறகு செய்த ஏற்பாடுகளையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எங்கள் வீடு பாறசாலைக்குப் பக்கம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆகவே எங்கள் வீடு கேரளம், அக்காளைக் கட்டிக் கொடுத்த வீடு தமிழ்நாடு. இடையில் அரை மணி நடை. வெள்ளறடை, பனச்சமூடு, ஊரம்பு பக்கங்களில் பிறந்தவர்களுக்கு இது தெரியும். ஒரு கடையில் டீ குடித்துவிட்டு ரோட்டைக் கடந்தால் மாநிலம் மாறிவிடும். கல்யாணத்துக்கும் சந்தைக்கும் எல்லை தடையில்லை. திருடனுக்கும் தடையில்லை என்பதை நாங்கள் தாமதமாகத்தான் யோசித்தோம்.

2022 ஓணத்துக்கு முந்திய வாரம். தோவாளைப் பூச்சந்தையிலிருந்து திருவனந்தபுரம் சாலைச் சந்தைக்குப் பூ ஏற்றும் வாடகை தம்பிக்குக் கிடைத்திருந்தது. ஓணம் நெருங்கும் நாட்களில் அத்தப்பூக்களத்துக்கு எவ்வளவு பூ வந்தாலும் கேரளத்தில் விற்றுப்போகும். ஆனால் விடியுமுன் சந்தையில் இறங்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பூ வாடும், விலையும் வாடும். நடுச்சாமத்தில் புறப்பட்டவன் நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளை தாண்டி, அமரவிளைப் பாலமும் நெய்யாற்றின்கரையும் கடந்து, பாலராமபுரத்தை நெருங்கும்போது பின் டயர் பஞ்சர். இறங்கி ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டு, பாடிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறான். தொங்கிக்கொண்டிருந்தது சங்கிலி மட்டும்.

"அண்ணே, ஸ்டெப்னிய காணல்ல" என்று அவன் எனக்குப் போன் செய்தபோது மணி இரண்டே முக்கால். நான் இங்கிருந்து என்ன செய்ய முடியும்? அந்த நேரத்தில் பஞ்சர் கடை கிடையாது. தெரிந்த ஒரு வண்டிக்காரரை எழுப்பி, டயரைக் கழற்றிக் கொண்டுபோய் ஒட்டி மாட்டுவதற்குள் கிழக்கு வெளுத்துவிட்டது. பூ போய்ச் சேர்ந்தது காலை எட்டு மணிக்கு. வியாபாரி பாதி விலைதான் போட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அடுத்த நாள் முதல் அந்த ஓட்டம் வேறு வண்டிக்குப் போய்விட்டது. ரிம்மும் டயருமாகப் பத்தாயிரம் என்று கணக்குப் போட்ட எனக்கு, போனது ஓணச் சீசன் முழுவதும் என்று புரியப் பத்து நாள் ஆயிற்று. வண்டியையே விற்றுவிடலாம் என்று தம்பி சொன்னான். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

புகார் கொடுக்கப் போன கதை தனி. எங்கே களவு போயிற்று என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. முந்தின மூன்று ராத்திரியில் வண்டி வீட்டுச் சந்தில் ஒரு நாள், எல்லைச் சந்தை ஓரத்தில் ஒரு நாள், தமிழ்நாட்டுப் பக்கம் அக்காள் வீட்டு வாசலில் ஒரு நாள் என்று நின்றிருந்தது. ஒரு நிலையத்தில் "அந்தப் பக்கம் போய்க் கொடு" என்றார்கள். அந்தப் பக்கத்தில் "வண்டி நம்பர் அங்கத்தது அல்லவா" என்றார்கள். இரண்டு நாள் வாடகையை விட்டதுதான் மிச்சம். (எங்கள் பாறசாலை வண்டிக்கு கே.எல். 19, நெய்யாற்றின்கரைக்கு கே.எல். 20, மார்த்தாண்டத்துக்கு டி.என். 75. நம்பரைப் பார்த்தே ஆளை அந்தப் பக்கம் அனுப்பிவிடலாம்.)

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நானும் தைரியமாகத்தான் இருந்தேன். பாலிசியை எடுத்து ஒரு முறை முழுதாகப் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சரக்கு வண்டிகளுக்கு எடுக்கும் முழுப் பாலிசியில், வண்டி மொத்தமாகக் களவு போனால்தான் அதோடு போன உபரிச் சாமான்களுக்கும் பணம் உண்டு. வண்டி நிற்க, சாமான் மட்டும் போனால் கிடையாது என்று வழக்கமாக ஒரு வாசகம் இருக்கும். சின்ன எழுத்தில் இருக்கும். உங்கள் வீட்டுப் பாலிசியையும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நமக்குப் பணம் கொடுக்க யாரும் இல்லை என்று தெரிந்தால்தான் பூட்டு வாங்கப் புத்தி வரும்.

இனி எதை எதைத் தூக்குகிறார்கள், எப்படித் தூக்குகிறார்கள் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் ஸ்டெப்னி. பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் இது பாடிக்கு அடியில், ஒரு சங்கிலியில் தொங்கும். கம்பியைச் செருகிச் சுற்றினால் கீழே இறங்கும். பஞ்சரான நேரத்தில் டிரைவர் சுலபமாக எடுக்க வேண்டும் என்றுதான் கம்பெனிக்காரன் அப்படி வைத்திருக்கிறான். டிரைவருக்குச் சுலபமானது எல்லாருக்கும் சுலபம். ஒரு ஆள் படுத்துக்கொண்டு சில நிமிஷத்தில் இறக்கிவிடலாம், சத்தமும் வராது. எல்லாவற்றையும்விட மோசம், அது போனது கண்ணில் படாது என்பதுதான். கண்ணாடி உடைந்தால் காலையிலேயே தெரியும். ஸ்டெப்னி போனது அடுத்த பஞ்சரில்தான் தெரியும். தம்பிக்கு நடந்தது அதுதான்.

நான் லீவில் போனபோது செய்தது இது. கெட்டியான சங்கிலி ஒன்றை ரிம்மின் துளை வழியாக விட்டு, சேசிஸின் குறுக்குச் சட்டத்தைச் சுற்றிக் கொண்டுவந்து பூட்டினேன். ஸ்டெப்னி தொங்கும் பிராக்கெட்டோடு சேர்த்துப் பூட்டுவதில் பிரயோஜனம் இல்லை. பிராக்கெட்டை நாலு நட்டில் கழற்றிப் பூட்டோடு கொண்டுபோய்விடுவார்கள். சங்கிலி பிரேக் பைப்பையோ ஒயரையோ உரசக்கூடாது. சைலன்சர் பக்கமும் போகக்கூடாது. தொய்வு வைத்தால் ஓட்டத்தில் ஆடி ஆடி ரிம்மைத் தின்னும். ஆகவே பழைய சைக்கிள் டியூபைச் சங்கிலிக்கு உறையாக மாட்டி இறுக்கமாகப் பூட்டினேன். பூட்டின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும், தண்ணீர் தேங்காது. அதன் மேல் டியூப் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டால் சேறு அடிக்காது.

இந்தச் சேறு விஷயத்தை லேசாக எண்ணக்கூடாது. எங்கள் பக்கம் இரண்டு மழைக்காலம். இடவப்பாதி முடிந்து மூச்சு விடுவதற்குள் துலாமழை வந்துவிடும். மாதம் ஒரு முறை எண்ணெய் விடாத பூட்டு துருப்பிடித்து, பஞ்சரான ராத்திரியில் சாவி திரும்பாது. அப்போது திருடனுக்குப் பதில் பூட்டே நம்மை நடுரோட்டில் நிறுத்திவிடும். தம்பியிடம் நான் கண்டிப்பாகச் சொன்னது, மாதத் தவணை கட்டுகிற அன்றைக்கே பூட்டுக்கும் எண்ணெய் என்பதுதான். ஒரு சாவி வண்டிச் சாவிக்கொத்தில், இன்னொன்று வீட்டில் அம்மாவிடம்.

அடுத்தது பேட்டரி. சரக்கு வண்டிகளில் இது பெரும்பாலும் சேசிஸ் ஓரத்தில், கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். உருக்கிவிட்டால் அது யாருடைய பேட்டரி என்று யார் சொல்ல முடியும்? பழைய பேட்டரியைக் கடைக்காரரே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மத்திய அரசு 2001-இலேயே விதி போட்டது. 2022-இல் புது விதியும் வந்தது. ஆனாலும் தராசில் நிறுத்துக் காசு கொடுக்கும் இடங்கள் ஒழியவில்லை. மலையாளத்தில் ஆக்ரிக்கடை என்பார்கள், நம் ஆட்கள் பழைய இரும்புக்கடை என்போம். அவர்களில் பலரும் நியாயமாகத் தொழில் செய்கிறவர்கள்தான். ஒன்றிரண்டு பேர் போதும், ஊர் முழுக்க ராத்திரி கண் விழிக்க.

பேட்டரிக்கு ஆங்கிள் இரும்பில் ஒரு கூடு அடித்து, மேலே நாதாங்கி வைத்துப் பூட்டலாம். எந்த வெல்டிங் பட்டறையிலும் ஒரு மணி நேர வேலை. இரண்டு எச்சரிக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். கூட்டை முழுதாக மூடிவிடக்கூடாது. சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், அது வெளியேற வழி வேண்டும். இன்னொன்று, கூட்டைக் கழற்றித் தரையில் வைத்து வெல்டிங் செய்யுங்கள். வண்டியிலேயே வைத்துத்தான் செய்தாக வேண்டும் என்றால் பேட்டரி ஒயர் இரண்டையும் கழற்றி, பேட்டரியையும் இறக்கிவிட வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் எலக்ட்ரானிக் பெட்டியும் சென்சார்களும் அதிகம். ஒரு வெல்டிங் தீப்பொறியில் பேட்டரியைவிடப் பல மடங்கு செலவு இழுத்துவிடும். களம்போலியில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தார்ப்பாயும் கயிறும் களவு போவது புதிதல்ல. வணிகவரிச் சோதனைச் சாவடிகள் இருந்த காலத்தில் அமரவிளைப் பக்கம் ராத்திரி முழுக்க லாரிகள் வரிசையாக நிற்கும். டிரைவர் அசந்து தூங்கினால் காலையில் கயிற்றை அறுத்திருப்பார்கள். 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்து அந்தச் சாவடிகள் எடுபட்டன, அந்த வரிசையும் போயிற்று. ஆனால் வெறும் வண்டியின் பாடியில் சுருட்டிப் போட்ட தார்ப்பாய் இன்றைக்கும் போகிறது. இதற்குப் பெரிய வித்தை ஒன்றும் தேவையில்லை. லோடு இறக்கியதும் மடித்துக் கேபினுக்குள் சீட்டுக்குப் பின்னால் வைக்க வேண்டும். ஜாக்கி, லிவர், வீல் ஸ்பேனர் எல்லாம் அங்கேதான். ஈரத் தார்ப்பாயைக் கேபினில் வைத்தால் நாறும் என்று தம்பி முறையிட்டான். நாறட்டும்.

தார்ப்பாயின் உள்பக்கம் நான்கு மூலையிலும் வண்டி நம்பரைப் பெயிண்டில் எழுதிவிட்டோம். ஒரு மூலையை வெட்டினாலும் மற்றது இருக்கும். ரிம்மிலும் டூல்ஸ் பெட்டியிலும் எழுத்துப் பஞ்சால் அடித்தோம். டயரின் பக்கச் சுவரில் ஆழமாகச் சூடு போடக்கூடாது, டயர் பலம் போய்விடும். நம்பர் எழுத்துகள் உள்ள தடித்த இடத்தில் மேலாக ஓர் அடையாளம் போதும். டயருக்கென்று கம்பெனி போட்ட வரிசை எண் ஒன்று இருக்கும், பேட்டரிக்கும் இருக்கும். இரண்டையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொன்னேன். ஊரில் பில் தொலைந்தாலும் மும்பையில் என் போனில் பத்திரமாக இருக்கும். தூரத்தில் இருக்கும் நாம் செய்யக்கூடிய உதவி இது ஒன்றாவது உண்டு.

பாடியின் பின்கதவையும் பக்கக் கதவையும் யார் கொண்டுபோவார்கள் என்று நினைப்பீர்கள். அமெரிக்காவில் பிக்கப் வைத்திருக்கும் நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அங்கே பின்கதவுத் திருட்டு பிரசித்தம். பல மாடல்களில் ஸ்பேனர் கூட இல்லாமல் ஒரு பக்கமாகத் தூக்கினால் கையோடு வந்துவிடும். கேமரா பொருத்திய கதவு என்றால் விலை ஆயிரக்கணக்கான டாலர். அங்குள்ளவர்கள் அதற்குக் கண்டுபிடித்த மருந்து, ரேடியேட்டர் ஹோசுக்குப் போடும் கிளாம்ப் ஒன்றைக் கீலில் சுற்றி இறுக்குவது. கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊர்ச் சமாச்சாரம் மாதிரியே இருக்கிறது! நம் வண்டிகளில் கதவு கீல்களுக்குள் ஒரு கம்பி ஓடும், அதன் முனையில் ஒரு காட்டர் பின். பின்னை நிமிர்த்திக் கம்பியை உருவினால் கதவு தனியே வந்துவிடும். கம்பியின் முனையில் ஒரு வாஷரை வைத்து வெல்டிங் பொட்டு வைத்துவிட்டால் தீர்ந்தது. பின்னால் கதவு மாற்ற வேண்டி வந்தால் கிரைண்டரால் பொட்டைத் தேய்த்து எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவையும் செய்ய இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் கூடுதல் ஆயிற்று. ஆனால் செலவில்லாத ஒரு காரியம்தான் அதிகம் உதவியது என்பது தம்பியின் கட்சி. வண்டியை நிறுத்தும் விதத்தை மாற்றிவிட்டான். பின்பக்கம் சுவரை ஒட்டி ரிவர்சில் விடுகிறான். பேட்டரி இருக்கும் பக்கம் மதில். பக்கத்து வீட்டுக்காரரும் பிக்கப் வைத்திருக்கிறார். இரண்டு பேருமாகப் பின்பக்கத்தோடு பின்பக்கம் நெருக்கி நிறுத்தினால் நடுவில் ஆள் குனிய இடம் இருக்காது. வெளியூரில் நிறுத்த நேர்ந்தால் வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்க், அதுவும் அங்குள்ளவர்களிடம் சொல்லிவிட்டு. புறப்படுமுன் ஒரு முறை குனிந்து கையால் தொட்டுப் பார்க்கிறான். இந்தக் கடைசிப் பழக்கம் 2022-இல் இருந்திருந்தால் தோவாளையில் பூ ஏற்றுமுன்பே விஷயம் தெரிந்து, ஒரு டயரை இரவல் வாங்கிக்கொண்டு போயிருப்பான்.

அதையும் மீறிக் களவு போனால்? இங்கேதான் எல்லையோரத்தாருக்கு ஒரு நல்ல செய்தி. 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டங்களுக்குப் பதிலாகப் புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. முன்பும் இது வழக்கத்தில் உண்டு என்றாலும் இப்போது சட்டத்திலேயே எழுதியாயிற்று. ஆகவே "அந்தப் பக்கம் போ" என்றால் இந்தப் பிரிவின் எண்ணை மரியாதையாகச் சொல்லுங்கள். மின்வழியிலும் அனுப்பலாம், அப்படி அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். பதிய மறுத்தால் காவல்துறைக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம்.

"ஒரு டயர்தானே" என்று சொல்பவர்களும் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-ஆம் பிரிவில், சரக்கோ ஆட்களோ ஏற்றும் வாகனத்திலிருந்து எந்தப் பொருளைத் திருடினாலும் ஏழு ஆண்டு வரை சிறை என்று இருக்கிறது. சாதாரணத் திருட்டுக்கு மூன்று ஆண்டு வரைதான். களவுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ அதை வாங்கினால் 317-ஆம் பிரிவின்படி வாங்கியவருக்கும் மூன்று ஆண்டு வரை உண்டு.

இந்த 317 எனக்கு ஏன் மனப்பாடம் என்றால், அதற்கும் ஒரு கதை உண்டு. முதலில் சொல்லியிருக்க வேண்டும், கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஸ்டெப்னி போன பிறகு புது டயர் வாங்கக் கையில் காசில்லாமல், தம்பி ஒரு பழைய இரும்புக்கடையில் ரிம்மோடு ஒரு டயர் வாங்கி மாட்டியிருந்தான். பாதி விலை. என்னிடம் பெருமையாகத்தான் சொன்னான். நான் லீவில் போய்ச் சங்கிலி மாட்டுவதற்காக அதைக் கீழே இறக்கித் துடைத்தபோது, ரிம்மின் உள்விளிம்பில் பஞ்சால் அடித்த எழுத்துகள் தெரிந்தன. டி.என். 75 என்பது தெளிவாக இருந்தது. மீதியை யாரோ அரத்தால் ராவியிருந்தார்கள். கடைசி எண்கள் படிக்க வரவில்லை. அக்காள் ஊர்ப்பக்கத்து வண்டி. அவரும் ஏதோ ஒரு ராத்திரி எங்கேயோ ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டு, குனிந்து பார்த்துத் திகைத்திருப்பார்.

தம்பி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நமக்குத் தெரியாதல்லா அண்ணே" என்றான். "இப்ப தெரியுமே" என்றேன். அன்று சாயங்காலம் இரண்டு பேருமாக அந்த டயரைக் கடைக்கு உருட்டிக்கொண்டு போனோம். நாங்கள் ஒரு வார்த்தை சொல்லுமுன் கடைக்காரர் ரிம்மைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மேசையைத் திறந்து முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்துவிட்டார். எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. டயரை அவர் உள்ளே உருட்டப் போனபோது தம்பி கையை வைத்து நிறுத்தினான். "இத நான் ஸ்டேஷன்ல கொண்டு குடுக்கப் போறேன், பைசா நீரே வச்சுக்கிடும்" என்று நோட்டுகளை மேசையில் வைத்துவிட்டு, டயரைத் தூக்கி வண்டியின் பாடியில் போட்டான். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரும்போது மணி ஒன்பது. ஸ்டெப்னி இல்லாமலே வந்தோம், மெதுவாக. புது டயருக்கு நான் மும்பை திரும்பியதும் பணம் அனுப்பினேன்.